ஒரே ரிடிமில் இருபது பாட்டு: ஏமாற்று வேலையா?

கேள்வி: நண்பர் சொன்னாரே என்று ஜமைக்காவின் நடன இசையான டான்ஸ்ஹால் ரெகேயில் 'திவாலி' என்ற தொகுப்பைக் கேட்டேன். முதல் பாட்டு பிரமாதம். இரண்டாவதும் அதே தாளம், அதே கைத்தட்டல். கடைசிவரை அதேதான், பாடுகிறவர் மட்டும் மாறுகிறார். ஒரு டிராக்கைப் போட்டுவிட்டு இத்தனை பாட்டு என்று கணக்குக் காட்டுவது ஏமாற்று வேலை இல்லையா? எங்கள் ராப் குழுவிலும் ஒரே கரோக்கி டிராக்கில் ஆறு பேரைப் பாடவைத்துப் பார்த்தோம். ஆறும் ஒரே பாட்டாகத்தான் வந்தது. (வாசகர், திருச்சி)

பதில்: முதலில் உங்கள் குற்றச்சாட்டைப் பார்த்துவிடுவோம், பிறகு அந்த ஆறு பாட்டுக்கு வருவோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

ஜமைக்காவில் ரிடிம் என்றால் பாட்டுக்குக் கீழே ஓடும் முழுப் பின்னணி: டிரம்ஸ், பேஸ், இரண்டொரு கீபோர்டு வரி. அதற்கென்று பெயர் உண்டு, சொந்தக்காரர் உண்டு. தயாரிப்பாளர் அதைச் செய்து பத்துப் பதினைந்து பேரிடம் கொடுப்பார். மெட்டும் வரியும் பாடுகிறவர் பாடு. நமக்குப் பழகியது இதற்கு நேர் எதிர். ஹிட்டான சினிமா மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஐயப்பன் பாட்டோ தேர்தல் பாட்டோ எழுதுவோம். மெட்டு நிற்கும், வார்த்தை மாறும். அங்கே மெட்டே மாறுகிறது. அதைக் கவனிக்காமல் கைத்தட்டலையே எண்ணிக்கொண்டிருந்தால் இருபதும் ஒன்றாகத்தான் கேட்கும்.

நீங்கள் கேட்ட ரிடிமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் என்ற தயாரிப்பாளர் செய்தது. (பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே நாதஸ்வரம் தேட வேண்டாம்.) 2003இல் இதே ரிடிமில் மூன்று பாட்டுகள் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ஏறின. ஷான் பாலின் 'கெட் பிஸி' முதலிடம், லூமிடீயின் 'நெவர் லீவ் யூ' மூன்றாமிடம், வேய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' 11ஆம் இடம். ஷான் பால் ஏறக்குறைய ஒரே சுரத்தில் நின்று, சொல்லைத் தாளத்தின் மேல் அடித்துக்கொண்டே போகிறார். அதே கைத்தட்டலின் மேல் வேய்ன் வொண்டர் நீட்டி இழைத்துக் காதல் பாட்டுப் பாடுகிறார். லூமிடீ பெரிய பாடகி இல்லை. அலட்டிக்கொள்ளாத சின்னக் குரலில் 'ஊ ஓ' என்று ஒரு கொக்கி போட்டார், அதுவே போதுமாக இருந்தது. ஒரே பாட்டை மூன்று பேர் விற்றார்கள் என்று அமெரிக்கர்கள் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

வழக்கம் பழசு. 1960களின் கடைசியில் ரூடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரருக்கு (பெரிய ஸ்பீக்கர் அடுக்கி நடனக் கூட்டம் நடத்துபவர்) டிரெஷர் ஐல் ஸ்டுடியோவில் ஒரு தட்டு வெட்டும்போது பொறியாளர் குரலைச் சேர்க்க விட்டுப்போனார், குரலில்லாத அந்தத் தட்டுக்கு நடனக் கூட்டம் கூத்தாடியது என்பதுதான் அங்கே எல்லோரும் சொல்லும் ஆரம்பக் கதை. பிறகு 45 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரல் நீக்கிய 'வெர்ஷன்' என்பது வழக்கமானது. 1970இல் யூ-ராய் என்ற கலைஞர் அந்தக் குரலில்லாத இடத்தில் பேசிப் பேசியே ஹிட் கொடுத்தார். 1974இல் ரூபி எட்வர்ட்ஸ் என்ற தயாரிப்பாளர் ஒரே பின்னணியில் ஒரு முழு ஆல்பமே போட்டார், 'யமஹா ஸ்காங்க்'. ஒற்றை ரிடிம் ஆல்பத்தில் முதலாவது என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள்.

1985இல் வந்தது ஸ்லெங் டெங் என்ற ரிடிம். காசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் 'ராக்' பொத்தானை அழுத்தினால் தானாக ஓடும் தாளம் அது. காசியோவில் அதை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற பெண். ஜமைக்காவில் நோயல் டேவியும் பாடகர் வேய்ன் ஸ்மித்தும் அதைக் கண்டெடுக்க, தயாரிப்பாளர் ஜாமி வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்தார். வாத்தியக்காரர்கள் கூடி வாசிக்காமலே ஒரு ரிடிம் ஊரை ஆட்டலாம் என்று தெரிந்துபோயிற்று. அதே ஆண்டில் அந்த ரிடிமுக்கென்றே ஒரு தொகுப்பும் வந்தது. 2000களில் லண்டனின் கிரீன்ஸ்லீவ்ஸ், நியூயார்க்கின் விபி ஆகிய இசைத்தட்டு நிறுவனங்கள் இதை வரிசை எண் போட்டு, பெயர் போட்டு சிடி தொடர்களாகவே இறக்கின.

இத்தனையும் யாருக்காக? செலக்டருக்காக. அங்கே இசைத்தட்டை ஓட்டுபவர் செலக்டர். மைக்கில் சொல் அடிப்பவர்தான் டீஜே. செலக்டர் இரண்டு டர்ன்டேபிளில் ஒரே ரிடிமின் இரண்டு பாட்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் பல்லவி முடியும் இடத்தில் மற்றதுக்குத் தாவுவார். இதற்கு ஜக்லிங் என்று பெயர். ஒரு பாட்டு ஒரு நிமிடம் ஓடினால் அதிகம். காலடியில் தாளம் அறுபடாது, தலைக்கு மேல் குரல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஜமைக்காவின் ஸ்டுடியோ ஒன்னில் 1967இல் பதிவான 'ரியல் ராக்' போல ஆட்கள் கையால் வாசித்த ரிடிமில் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனாலும் இரண்டு தட்டும் ஒரே டேப்பிலிருந்து வந்தவை. ஒரே இடத்தில் தொடங்கிவிட்டால் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே வரும். வேறு ரிடிமோடு இது நடக்காது. ஆகவே இந்தத் தொகுப்பு, கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து முழுதாகக் கேட்பதற்கு அல்ல. மூன்று நான்கு பாட்டு எடுங்கள், நடுவில் வெட்டி ஒட்டிக் கேளுங்கள்.

உங்கள் சந்தேகத்திலும் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். அந்த சிடி வெள்ளத்தில் பல தொகுப்புகளில் நாலைந்து பாட்டுதான் தேறும். மீதி, ரிடிம் சூடாக இருக்கும்போதே தட்டை நிரப்ப அவசரமாகப் பாடி வாங்கியவை. அது தயாரிப்பாளரின் பேராசை, முறையின் குற்றமல்ல.

இனி உங்கள் ஆறு பாட்டு. நீங்கள் எடுத்தது கரோக்கி. அதாவது ஏற்கெனவே முடிந்துபோன ஒரு பாட்டின் எலும்புக்கூடு. பல்லவிக்கு முன்னால் டிரம்ஸ் உருளும், பல்லவியில் வயலின் ஏறும், சரணத்தில் அடங்கும், பழைய மெட்டைப் புல்லாங்குழலோ கீபோர்டோ கோடிகாட்டிக்கொண்டே இருக்கும். ஆறு பேரும் ஏறுகிற இடத்தில் ஏறி, இறங்குகிற இடத்தில் இறங்கியிருப்பார்கள். வேறு வழி? டிராக்கே அவர்களுக்குப் பல்லவி எங்கே என்று சொல்லிக்கொடுத்துவிட்டதே.

ரிடிம் தட்டையாக இருக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 95 முதல் 105 அடிக்குள் ஒரு முழு எண். 100 என்றே வையுங்கள், கணக்கு சுலபம். நான்கு அடி கொண்ட ஒரு சுற்று 2.4 விநாடி. எட்டை 3+3+2 என்று பிரித்து வரும் அடிதான் டான்ஸ்ஹாலின் முதுகெலும்பு. இரண்டு அல்லது நான்கு சுற்றில் திரும்பிவிடும் ஒரு பேஸ் வரி, ஒன்றிரண்டு கார்டு, ஒரு வினோதமான சத்தம், அவ்வளவுதான். குரல் உட்காரும் நடு அலைவரிசையில் எதுவும் தொடர்ந்து ஓடக்கூடாது. கேட்டால் 'என்ன, இன்னும் முடிக்கவில்லையா?' என்று தோன்ற வேண்டும். முழுதாகத் தோன்றினால் ஒரு சத்தத்தை எடுத்துவிடுங்கள்.

அந்தத் தட்டை ரிடிமை 72 சுற்று ஓடவிட்டு அப்படியே எல்லோருக்கும் கொடுங்கள். 2 நிமிடம் 53 விநாடி வரும். முன்னால் 8 சுற்று, பின்னால் 8 சுற்று குரலில்லாமல் விடச் சொல்லுங்கள். பாட்டு மாற்றுகிறவருக்கு அந்த இடம் வேண்டும். நடுவிலுள்ள 56 சுற்றில் பல்லவி எங்கே, சரணம் எங்கே என்பது பாடுகிறவர் இஷ்டம். பேஸை நிறுத்துவது, கிக்கை (டிரம்ஸின் கனத்த அடி) மட்டும் விடுவது போன்ற வெட்டுகளைக் குரல் பதிந்த பிறகு, அந்தக் குரலுக்கு ஏற்பச் செய்யுங்கள். பாட்டுக்குப் பாட்டு வடிவம் மாறுவது இந்த இடத்தில்தான்.

ஒருவர் பாடியதை இன்னொருவருக்குப் போட்டுக் காட்டாதீர்கள். முதலில் கேட்ட மெட்டு காதில் ஒட்டிக்கொண்டால் அடுத்த ஐந்து பேரும் அதன் நிழலில்தான் நிற்பார்கள். ஆறு பேரும் ராப் என்பதும் சிக்கல்தான். இரண்டு பேராவது இழுத்துப் பாடுகிறவர்களாக இருக்கட்டும். யாருக்காவது சுருதி எட்டவில்லையா? அவருக்காக ரிடிமை ஒரு கட்டை இறக்கித் தராதீர்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது இரண்டு பேஸும் மோதிக்கொள்ளும், தொகுப்பே கெட்டுவிடும். மெட்டை மாற்றச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஆளை மாற்றுங்கள்.

வீட்டிலிருந்து பதிந்து அனுப்புகிறவர்களுக்கு எம்பி3 கொடுக்காதீர்கள். எம்பி3 ஆக மாற்றித் திரும்ப விரிக்கும்போது தொடக்கத்தில் 1,105 சாம்பிள், அதாவது சுமார் 25 மில்லி செகண்ட் மௌனம் சேர்ந்துகொள்வதுண்டு. அதைக் கேட்டுப் பாடிய குரலை உங்கள் மூல டிராக்கின் மேல் வைத்தால் எல்லா வார்த்தையும் ஒரு முடி பின்தங்கும். 'பையனுக்குத் தாளமே இல்லை' என்று திட்டுவீர்கள்; தாளம் அவனிடம் இருக்கும், ஃபைலில் இருக்காது. வேவ் ஃபைல் கொடுங்கள், 24 பிட். சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பது, 48,000 என்றால் எல்லோருக்கும் 48,000. அதை 44,100 என்று நினைத்து ஓட்டினால் 100 என்ற வேகம் 92க்கு இறங்கும், சுருதியும் முக்கால் கட்டை இறங்கிவிடும்.

மிக்ஸில் நடக்கும் தப்பு ஒன்று உண்டு, அனுபவசாலிகளும் செய்வது. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக லிமிட்டரில் (சத்தத்தின் உச்சத்தை அமுக்கும் கருவி) போட்டு உரக்க ஆக்குவார்கள். கத்துகிற குரல் உள்ள பாட்டில் லிமிட்டர் குரலோடு சேர்த்து ரிடிமையும் அமுக்கும். மென்மையான பாட்டில் அமுக்காது. அடுத்த பாட்டுக்கு மாறும்போது பேஸ் திடீரென்று மெலியும், ஆடுகிற கூட்டம் நின்றுவிடும். கிக்கும் பேஸும் எந்த அளவு என்று முதலில் ரிடிமை மட்டும் வைத்து முடிவு செய்து பூட்டுங்கள். பிறகு குரலை அதற்கு அடங்க வையுங்கள். கடைசி லிமிட்டர் எல்லாப் பாட்டுக்கும் ஒரே அமைப்பில், லேசாக.

அடுக்கும்போது ஒரே நடையில் பேசுகிற இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் போடாதீர்கள். கடைசியில் குரலில்லாத ரிடிம் ஒன்று கட்டாயம். பன்னிரண்டு பதிந்தால் எட்டை வெளியிடுங்கள்.

இன்னொன்று. லெங்கியின் ரிடிமையோ வேறெதையுமோ யூடியூபில் இறக்கி அதன் மேல் பாடி விற்கக் கிளம்பிவிடாதீர்கள். ரிடிமுக்குச் சொந்தம் கொண்டாடுவது நாளுக்கு நாள் பெரிய சண்டையாகி வருகிறது. ஸ்டீலி அண்ட் கிளீவி என்ற ஜமைக்கா இரட்டையர் 1989இல் செய்த 'ஃபிஷ் மார்க்கெட்' ரிடிம்தான் லத்தீன் நடன இசையான ரெகேடானின் தாளத்துக்கு மூலம் என்று 2021இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, லத்தீன் இசையின் பெரிய பெயர்கள் பலவற்றை உள்ளே இழுத்திருக்கிறது. உங்கள் ரிடிமை நீங்களே செய்யுங்கள். செய்தவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்றால் ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று குரல் பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடிய பிறகு அந்தத் தாளை எழுத யாரும் உட்கார மாட்டார்கள்.