எல்சி3 கூடியும் சால்மொனெல்லா ஏன் குறையவில்லை?

ஹீலா என்ற மனித செல்களில் சால்மொனெல்லா பாக்டீரியாவைத் தொற்றவைத்தபோது, வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் எல்சி3-2 (தன்விழுங்கல் சவ்வில் ஒட்டிய எல்சி3 புரதம்) பட்டை தடித்தும் பாக்டீரியா எண்ணிக்கை குறையவில்லை என்கிறீர்கள். இதில் முரண்பாடு இல்லை. தன்விழுங்கல் (செல் தன் உட்பொருள்களையும் உள்ளே நுழைந்த கிருமிகளையும் சவ்வால் சூழ்ந்து செரிப்பது) கூடினாலும் பட்டை தடிக்கும், செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் செரிமானம் தடைபட்டாலும் தடிக்கும். இரண்டில் எது என்று அறிய, லைசோசோம் செரிமானத்தைத் தடுக்கும் பாஃபிலோமைசின் மருந்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிடுங்கள். அதற்கு முன் உங்கள் ஆய்வு கைடிடம் பட்டைப் படத்தைக் காட்டாதீர்கள்!

அப்புறம், பெரும்பாலான சால்மொனெல்லா செல்லுக்குள் தன்னைச் சூழ்ந்த சவ்வுக் குமிழுக்குள் பத்திரமாகவே இருக்கும். குமிழ் கிழிந்தால்தான் உட்பக்கச் சர்க்கரைகள் வெளித்தெரியும்; கேலக்டின்-8 என்ற செல் புரதம் அவற்றைப் பிடித்து என்டிபி52 என்ற இணைப்புப் புரதத்தை வரவழைக்கும், அது எல்சி3 சவ்வை இழுத்து வரும். பாக்டீரியாமேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் பூசப்படுவது இன்னொரு வழி. அதனால் தொற்றிய 1 மணி நேரத்தில் எத்தனை பாக்டீரியாவை எல்சி3 சூழ்ந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ணுங்கள். சோப்எஃப் என்ற சால்மொனெல்லா புரதத்தை நீக்கிய திரிபு கிடைத்தால் அதையும் சேருங்கள். எல்சி3 ஒட்டுவதைத் தடுப்பதில் அந்தப் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.