ஓடையைத் தாண்டித் தீ வராதா?

கேள்வி: காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. "எத்தனையோ தீ பார்த்தாச்சு, ஓடையைத் தாண்டி வராது" என்கிறார்கள் பெரியவர்கள். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். எந்த மாதம் புல் காய்ந்து கிடக்கும், மதியத்துக்கு மேல் காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பள்ளத்தில் புகுந்தால் தீ புகைபோக்கியில் ஏறுவது மாதிரி விறுவிறுவென மேலேறும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், கேட்டு எழுதி வையுங்கள். ஆனால் அவர்கள் பார்த்த காடு வேறு. அப்போது ஆடு மாடு மேய்ந்தது, விறகு பொறுக்கினார்கள், காட்டோரத்து நிலமெல்லாம் உழவில் இருந்தது. இப்போது பிள்ளைகள் நகரத்துக்குப் போய், நிலம் தரிசாகி, புதர் மண்டி வீட்டுக் கொல்லை வரை வந்துவிட்டது. போர்ச்சுகலில் இப்படித்தான் கைவிட்ட வயல்களிலெல்லாம் பைனும் யூகலிப்டசும் புதரும் வளர்ந்து கிடந்தன. 2017 ஜூனில் பெத்ரோகாவ் கிராந்தே பகுதியில் பிடித்த தீயில் 66 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் தப்பிக்கக் கிளம்பிச் சாலையில் சிக்கியவர்கள். அதற்கப்புறம்தான் அங்கே கிராமத்துக்கு ஒரு பொறுப்பாளர், ஒதுங்க ஓர் இடம், வெளியேற ஒரு வழி, ஒத்திகை என்று திட்டம் வந்தது. எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பது ஊர்க்காரருக்குத்தானே தெரியும்!

கேள்வி: வீட்டைச் சுற்றி எல்லா மரத்தையும் வெட்டிவிடலாமா?

பதில்: தேவையில்லை. பெரும்பாலும் வீடு பற்றிக்கொள்வது காற்றில் பறந்து வரும் கங்கால். கூரை இடுக்கில், சேர்ந்து கிடக்கும் சருகில் விழும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்துகூட வரும், ஓடையெல்லாம் அதற்கு ஒரு கணக்கே இல்லை. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்க வேண்டாம், சுவரோரமாக அடுக்கிய விறகு உட்பட (எல்லாரும் அங்கேதான் அடுக்குகிறோம்). பத்து மீட்டர் வரை காய்ந்த புல்லை அறுத்து, மரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். வீடு சரிவின் மேலே இருந்தால் இன்னும் தூரம் வேண்டும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

கேள்வி: கோடைக்கு முன்பே நாமே புல்லைக் கொளுத்திவிட்டால்?

பதில்: வட ஆஸ்திரேலியப் பழங்குடிகள் தரையில் ஈரம் மிச்சமிருக்கும்போதே திட்டுத்திட்டாக எரிப்பது இதற்குத்தான். ஆனால் அதற்குப் பழகிய ஆள், தண்ணீர், அனுமதி மூன்றும் வேண்டும். தனியாளாக இறங்காதீர்கள்.

கேள்வி: தீ வந்தால் நின்று அணைப்பதா, ஓடுவதா?

பதில்: ஓட வேண்டிய நிலை வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் முன்பெல்லாம், தயாராக இருந்தால் நின்று வீட்டைக் காக்கலாம், இல்லையென்றால் சீக்கிரமே போய்விடுங்கள் என்றுதான் சொல்லிவந்தார்கள். 2009 பிப்ரவரி 7 தீயில் 173 பேர் இறந்தபின், மிக மோசமான நாள்களில் முன்கூட்டியே வெளியேறுவதுதான் வழி என்று மாற்றினார்கள். சரி, மாட்டை விட்டுவிட்டு யார் கிளம்புவார்கள்? அதனால் அவற்றை எங்கே ஓட்டிச் செல்வது, யார் ஓட்டுவது என்று கோடைக்கு முன்பே ஊர் கூடிப் பேசிவிடுங்கள். அது முடிவாகாமல் பாதிப் பேர் கடைசி நிமிடம் வரை நகர மாட்டார்கள்.