கரவனில் பூட்டிய காஸ் ஹீற்றர் டிக் டிக் என்கிறது, ஆனால் பற்றவில்லை. எங்கே பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது: பழைய வான் ஒன்றை யாழ்ப்பாணத்திலேயே கரவனாக மாற்றியிருக்கிறார்கள். 12 வோல்ற் தண்ணீர்ப் பம்ப், ஐந்து கிலோ சிலிண்டர், நிமிடத்துக்கு ஆறு லீற்றர் என்று எழுதிய காஸ் ஹீற்றர். வீட்டு முற்றத்தில் ஒழுங்காக வேலை செய்தது. நுவரெலியா போனதும் பற்றுவதும் அணைவதுமாக இருந்து, கடைசியில் டிக் டிக் சத்தம் மட்டும்தான். சிலிண்டரை மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லையாம்.

காஸ் அடுப்பும் ஹீற்றரும் திருத்துவதுதான் என் தொழில். விருந்தினர் விடுதிகளில் பூட்டியவைதான் கூடுதலாக வரும், கரவன்கள் இப்போதுதான் ஒன்றிரண்டு தலை காட்டுகின்றன. இந்த வெக்கைக்குள் யாருக்கடா வெந்நீர் என்று கேட்பீர்கள். டிசம்பரில் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வருகிறவர்களுக்குத்தான். பனிக்குள் இருந்து வருகிறவர்களுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் குளிருதாம்!

ஹீற்றர் பற்றாவிட்டால் எல்லோருடைய கையும் முதலில் சிலிண்டருக்குத்தான் போகும். 2021 கடைசியில் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்த பிறகு சனத்துக்குச் சிலிண்டரில்தான் கண். ஆனால் இந்த வகை ஹீற்றரில் பிழை பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கத்தில்தான் இருக்கும். அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

பைப்பைத் திறந்ததும் தண்ணீர் அடியில் உள்ள பித்தளை வால்வுக்குள் போகிறது. அதற்குள் வட்டமான ஒரு றப்பர் டயபிரம். தண்ணீர் ஓடும்போது றப்பரின் இரு பக்கத்திலும் அமுக்கம் வேறுபட, அது வளைந்து சிறு கம்பி ஒன்றைத் தள்ளும். அந்தக் கம்பிதான் காஸ் வழியைத் திறப்பதும் மைக்ரோ சுவிச்சை விடுவிப்பதும். சுவிச் விடுபட்டதும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஸ்பார்க் அடிக்கும், மின்சாரத்தால் திறக்கும் காஸ் வால்வான சொலனோயிட் வால்வைத் திறந்து பிடிக்கும். நெருப்புப் பற்றிவிட்டது என்று பர்னருக்கு மேலே நிற்கும் இன்னொரு ஊசி தகவல் கொடுத்தால்தான் அந்த வால்வு திறந்தபடி இருக்கும். தகவல் வராவிட்டால் சில செக்கனில் பூட்டிவிடும். அதாவது தண்ணீர் சரியாக ஓடாமல் இந்த ஹீற்றருக்குக் காஸே இல்லை.

இனி சத்தத்தைக் கவனியுங்கள். பைப்பைத் திறந்தும் டிக் டிக் கேட்கவே இல்லை என்றால் தண்ணீர் போதவில்லை, அல்லது பற்றரி செத்துவிட்டது, அல்லது மைக்ரோ சுவிச் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் ஒரு சிறு வலை இருக்கும், அதைக் கழற்றித் தட்டினால் மணலும் பாசியும் விழும். பற்றரிப் பெட்டியையும் திறந்து பாருங்கள். எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு அந்தத் தகடுகளில் பச்சை பூத்துவிடும். எமரித் தாளால் தேய்த்தாலே பாதி ஹீற்றர் எழும்பிவிடும்.

சத்தம் இருக்கிறது, நெருப்பு இல்லை. இதுதான் உங்கள் நிலை. முதலில் பற்றரியை மாற்றுங்கள். பெரிய ரோச் பற்றரி இரண்டு, சேர்த்து 3 வோல்ற். ஸ்பார்க்குக்குக் கொஞ்ச மின்சாரம் காணும், சொலனோயிட் வால்வைத் திறந்து பிடிக்கக் கூட வேண்டும். ஆகவே பற்றரி தளர்ந்தால் முதலில் விடுவது வால்வுதான், டிக் டிக் சத்தம் அப்பிடியே கேட்கும். மீற்றர் வைத்துப் பார்ப்பதென்றால் ஸ்பார்க் அடித்துக்கொண்டிருக்கும்போது பாருங்கள். சும்மா இருக்கும்போது 3 காட்டும் பற்றரி, வேலை கொடுத்ததும் விழுந்துவிடும். அப்போது 2.5க்குக் கீழே போனால் நான் மாற்றிவிடுவேன்.

பற்றரி நல்லதென்றால் ஸ்பார்க் ஊசியைப் பாருங்கள். பர்னர் விளிம்புக்கும் அதற்கும் மூன்று நான்கு மில்லிமீற்றர் இடைவெளி போதும். வான் குலுங்கி ஊசி வளைந்திருந்தால் ஸ்பார்க் வேறெங்கோ பாயும். வீட்டுச் சுவரில் பூட்டும் சாமானை வானில் பூட்டினால் இப்பிடித்தான், எல்லாம் மெல்ல மெல்லக் கழரும்.

அப்புறம் குளவி. முற்றத்தில் இரண்டு மாதம் நின்ற வானென்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பர்னருக்குக் காற்றும் காஸும் போகும் குழல்களின் வாய் குளவி கூடு கட்ட ஏற்ற அளவில்தான் இருக்கும். உள்ளே மண்ணை உருட்டி வைத்து அடைத்துவிடும். சிலந்தி வலையும் அதே வேலையைச் செய்யும். பர்னரைக் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, காற்று அடித்தால் சரி. காஸ் பீச்சும் ஜெற்றின் துளைக்குள் மட்டும் ஊசியோ கம்பியோ விடாதீர்கள். துளை கொஞ்சம் பெருத்தாலும் காஸ் கூடி, சுவாலை மஞ்சளாகிக் கரி பிடிக்கும்.

நுவரெலியாவில் முதல் நாள் பற்றிப் பற்றி அணைந்தது என்றீர்களே, அதற்குக் காரணம் பம்ப் என்றுதான் நினைக்கிறேன். ஆறு லீற்றர் ஹீற்றர் முழு நெருப்பில், முழு ஓட்டத்தில், தண்ணீரின் சூட்டை ஏறத்தாழ 25 பாகைதான் கூட்டும். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் ஏற்கெனவே 28 பாகை அளவில் இருப்பதால் 50 தாண்டிவிடும், கை வைக்க முடியாது. நுவரெலியாவில் தண்ணீர் 15 பாகை என்றால் 40தான் வரும். அது மந்தம் என்று நினைத்து நீங்கள் பைப்பைக் கொஞ்சம் அடைத்திருப்பீர்கள். அடைத்ததும் பம்பில் அமுக்கம் ஏறி அதன் சுவிச் பம்பை நிறுத்தும். ஓட்டம் குறையும், டயபிரம் பின்வாங்கும், நெருப்பு அணையும். அமுக்கம் இறங்க மறுபடி பம்ப் ஓடும், மறுபடி டிக் டிக். குளிக்கிற ஆளுக்குச் சூடும் குளிரும் மாறி மாறி விழும்.

இதற்கு மருந்து, பம்புக்கும் ஹீற்றருக்கும் இடையில் சிறிய அமுக்கத் தாங்கி ஒன்று பூட்டுவது. அது ஓட்டத்தைச் சீராக்கிவிடும். ஷவர் தலையில் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் தட்டு இருந்தால் கழற்றி எறியுங்கள். பம்புக்குப் போகும் வயர் மெல்லியதாக இருந்தால் வானின் பின்பக்கத்துக்குப் போய்ச் சேர முன்னரே வோல்ற் விழுந்துவிடும், தடித்த வயர் போடுங்கள். சூடு போதாவிட்டால் காஸ் திருகியைத்தான் கூட்ட வேண்டும். அது முழுதாகத் திறந்தபடி இருந்தும் காணாவிட்டால், தண்ணீரைப் பம்ப் நிற்காத அளவுக்கு மட்டும் குறைக்கலாம்.

சிலிண்டர் விஷயம் ஒன்றும் உண்டு. இந்த ஹீற்றர் முழு நெருப்பில் மணித்தியாலத்துக்கு ஒரு கிலோ அளவில் காஸ் குடிக்கும். எங்கள் சமையல் காஸில் பியூட்டேன் கூட. பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, புரப்பேன் கொதிப்பது சய 42 பாகையில். குளிரான இடத்தில் சிறிய சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் உள்ளே திரவம் இன்னும் குளிர்ந்து, காஸாக மாறுவது குறைந்துவிடும். சிலிண்டரின் வெளிப்புறம் வியர்க்கும், சில வேளை வெண்பனி படியும். ஆட்டினால் காஸ் இருப்பது தெரியும், ஆனால் நெருப்புச் சோரும். இதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பது, நெருப்புக்குக் கிட்ட வைப்பது எல்லாம் வேண்டாம். 12.5 கிலோ சிலிண்டரைக் கொண்டுபோங்கள், அல்லது ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் குளியுங்கள். காஸ் காணவில்லை என்று அமுக்கம் கூடிய ரெகுலேற்றர் வாங்கிப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹீற்றரின் தகட்டைப் பாருங்கள், பெரும்பாலும் 2800 பாஸ்கல் என்று இருக்கும். அதற்கு வீட்டு அடுப்பு ரெகுலேற்றரே போதும்.

இனி எங்கள் ஊரின் பெரிய பிரச்சினைக்கு வருவோம், சுண்ணாம்பு. குடாநாடே சுண்ணக்கல்லுக்கு மேல்தான் இருக்கிறது. வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்ச நாள் காய்ச்சினால் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை ஏறும் அல்லவா, அது ஹீற்றரின் செப்புக் குழாய்க்குள்ளும் ஏறும். தண்ணீர்ப் பாதை ஒடுங்கும், ஓட்டம் குறையும், குழாய் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும், உடனே சூட்டுப் பாதுகாப்புச் சுவிச் காஸை நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் எரிந்து தானாக அணைந்து, ஆறிய பிறகு மறுபடி பற்றும் ஹீற்றரென்றால் அநேகமாக இதுதான். கொதிக்கிற மாதிரிக் கிறுகிறு சத்தமும் உள்ளே கேட்கும்.

கழுவுவது கஷ்டமில்லை. காஸை நிறுத்தி, பற்றரியைக் கழற்றி, இரண்டு தண்ணீர்க் குழாயையும் விடுவியுங்கள். ஒரு வாளியில் வினாகிரி, அல்லது லீற்றருக்கு ஐம்பது கிராம் சித்திரிக் அமிலம் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீர். மீன் தொட்டிப் பம்ப் மாதிரி ஏதாவது ஒரு சின்னப் பம்பால் அதைச் சுற்றிச் சுற்றி ஓட விடுங்கள். முதலில் நுரைக்கும், பிறகு சாம்பல் நிறத்தில் வரும், பிறகு வெள்ளைச் செதில்கள் வாளியில் விழும். செதில் வருவது நின்றதும் நல்ல தண்ணீரால் அலசுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றி வேலையைச் சுருக்கப் பார்க்காதீர்கள். அது சுண்ணாம்போடு செம்பையும் ஒட்டுகளையும் சேர்த்து அரித்துவிடும்.

அந்தக் கையோடு பித்தளை வால்வையும் திறந்து டயபிரத்தைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரலால் இழுத்தால் ஊசி முனையளவு ஓட்டையும் தெரியும். அவ்வளவு ஓட்டையே போதும், இரு பக்க அமுக்கமும் சமமாகிக் கம்பி அசையாது. அந்தக் கம்பியிலும் சுண்ணாம்பு பிடித்து இறுகியிருக்கும். துடைத்து, சிலிக்கன் கிறீஸ் தடவுங்கள். தேங்காயெண்ணெயும் மோட்டர்க் கிறீஸும் றப்பரை ஊதவைக்கும். டயபிரம் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். வாயால் அளவு சொல்லி வாங்கியது பொருந்தி நான் பார்த்ததில்லை.

கரவன் என்று தேடினால் இணையத்தில் வருவது பெரும்பாலும் அமெரிக்க, கனடாக் கதை. அங்கே தாங்கியோடு கூடிய ஹீற்றர்தான் வழக்கம், ஆறு கலன், அதாவது 22 லீற்றருக்குக் கொஞ்சம் கூட. 12 வோல்ற்றில் ஓடும் ஒரு சேர்க்கிற் போட் அதை நடத்தும். தண்ணீர் ஓட்டத்துக்கும் நெருப்புக்கும் அதில் தொடர்பில்லை, ஆகவே தாங்கி வெறுமையாக இருக்கும்போது போட்டால் எரிந்துபோகும். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் தன்னுடைய ஹீற்றரை வட்ஸ்அப்பில் காட்டினார். "மச்சான், போட் போயிட்டுது போல, புதுசு ஓடர் பண்ணட்டே?" போட்டின் விளிம்பில் பச்சை பூத்திருந்ததை அழிறப்பரால் தேய்க்கச் சொன்னேன், பர்னர்க் குழலையும் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் குளவிதான்! அந்த வீடியோக்களில் மக்னீசியக் கம்பியை மாற்றச் சொல்வதைக் கேட்டு உங்கள் ஹீற்றரில் அதைத் தேடாதீர்கள். அது உருக்குத் தாங்கி துருப்பிடிக்காமல் இருக்கப் போடுவது. உங்களுடையதில் தாங்கியே இல்லை.

திருத்தி முடிந்ததும் சவர்க்கார நுரையை எல்லாப் பொருத்திலும் பூசிப் பாருங்கள், சிலிண்டர்க் கழுத்தில் மட்டும் நிற்காமல் ஹோஸின் இரண்டு முனையிலும், ஹீற்றரின் அடியிலும். ஏ9 வீதியில் ஒரு முறை போய் வந்த கிளிப்பை நம்பவே கூடாது. எங்கள் காஸ் காற்றிலும் கனதி, கசிந்தால் வானின் தரையில் தேங்கி நிற்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டி உள்ளறையோடு தொடர்பில்லாமல், அடியில் வெளியே திறக்கும் துவாரத்தோடு இருக்க வேண்டும்.

கடைசியாக, ஹீற்றரை எங்கே பூட்டியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குளிக்கும் அறைக்குள், புகைக்குழாய் இல்லாமல் என்றால் திருத்தவே வேண்டாம், முதலில் கழற்றுங்கள். பூட்டிய சின்ன அறையில் ஒட்சிசன் குறைய நெருப்புக் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைக் கக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, தலை சுற்றுவது வெந்நீர் ஆவியால் என்று நினைத்துக்கொண்டே ஆள் விழுந்துவிடும். நுவரெலியா 1800 மீற்றருக்கு மேல், அங்கே காற்றின் அடர்த்தியும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆகவே ஊரில் நீலமாக எரிந்த நெருப்பு அங்கே மஞ்சளாகலாம். ஹீற்றர் வானின் வெளிப்பக்கத்தில், கதவுள்ள பெட்டிக்குள், புகை நேரே வெளியே போகும்படி இருக்க வேண்டும். உள்ளே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வையுங்கள். பூட்டியிருக்கும் இடத்தையும், ஹீற்றரின் முன்தகட்டையும் படம் எடுத்துப் போட்டால் எந்த டயபிரம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.