நெட்வொர்க் பூட் டிஸ்க், டிஸ்க் இமேஜ்: கேள்வி பதில்

கேள்வி: ஒரே மாதிரியான 40 கணினிகள். எதிலும் டிவிடி டிரைவ் இல்லை. பென் டிரைவில் பூட் செய்து, சர்வரில் இருக்கும் விண்டோஸ் இமேஜை (நிறுவி அமைத்த விண்டோஸின் முழுப் பிரதி) ஏற்ற வேண்டும். அடியிலிருந்து சொல்லித் தாருங்கள் ஐயா.

பதில்: விண்டோஸ் பிஇ போதும், பென் டிரைவில் பூட் ஆகும் சிறிய விண்டோஸ் அது. மைக்ரோசாஃப்ட்டின் ஏடிகே என்ற கருவித் தொகுப்பை நிறுவுங்கள். விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து பிஇ தனி இணைப்பாக வருகிறது. அதையும் இறக்கி நிறுவ வேண்டும். ஏடிகே மட்டும் போட்டுவிட்டுப் பிஇ கோப்புறையைத் தேடித் தவிப்பவர்கள் நிறைய.

பிறகு ஏடிகே-யோடு வரும் கட்டளைச் சாளரத்தை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'காபிபிஇ' கட்டளையால் 64 பிட் கோப்புறை ஒன்றை உருவாக்குங்கள். அதற்குள் மீடியா, சோர்சஸ் என்று போனால் 'பூட்.விம்' இருக்கும். உண்மையில் பூட் ஆகப்போவது இந்த ஒரு கோப்புதான். டிஸ்ம் (இமேஜைத் திருத்தவும் ஏற்றவும் உதவும் கட்டளை) கொண்டு அதை மவுன்ட் செய்யுங்கள், அதாவது ஒரு கோப்புறையாகத் திறந்து வையுங்கள். நெட்வொர்க் கார்டின் டிரைவரையும் டிஸ்க் கன்ட்ரோலரின் டிரைவரையும் சேருங்கள். கழற்றும்போது 'கமிட்' சேர்த்தே கழற்றுங்கள். அதை விட்டால் செய்த வேலை அத்தனையும் போய்விடும்.

கழற்றுவதற்கு முன் இன்னொரு வேலை. மவுன்ட் ஆன கோப்புறையில் விண்டோஸ், சிஸ்டம்32-க்குள் 'ஸ்டார்ட்நெட்.சிஎம்டி' இருக்கும். அதில் 'டபிள்யூபிஇஇனிட்' என்ற ஒரே வரிதான். டிரைவரை எழுப்பி ஐபி முகவரி வாங்கித் தருவது அதுதான், அதை அழிக்காதீர்கள். அதன் கீழே, பவர் திட்டத்தை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கும் கட்டளையையும், சர்வர் ஷேரை இசட் டிரைவாக இணைக்கும் 'நெட் யூஸ்' கட்டளையையும் எழுதுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம். பென் டிரைவ் யார் கைக்குப் போனாலும் அவர் அதைப் படித்துவிடலாம். இமேஜைப் படிக்க மட்டுமே உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டைக் கையால் அடியுங்கள்.

கடைசியாக 'மேக்வின்பிஇமீடியா'. பென் டிரைவில் உள்ள எல்லாவற்றையும் அது அழித்துவிட்டுத்தான் எழுதும்.

இமேஜ் ஏற்றும் கணினியில் முதலில் டிஸ்க்கைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கட்டளை. 'லிஸ்ட் டிஸ்க்' அடித்து, அளவைப் பார்த்து, இதுதான் என்று உறுதி செய்த பிறகே, டிஸ்க்கைத் துடைக்கும் 'கிளீன்'. பென் டிரைவ் செருகியிருக்கும்போது டிஸ்க் 0 என்பது எப்போதும் உள் டிஸ்க்காகத்தான் இருக்கும் என்று நம்பக் கூடாது. பிறகு ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் அட்டவணை முறைக்கு மாற்றி, பூட் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷன் 260 எம்பி (100 போதும் என்பார்கள், 4கே செக்டர் டிஸ்க்கில் போதாது), எம்எஸ்ஆர் (விண்டோஸ் தனக்கென ஒதுக்கும் இடம்) 16 எம்பி, அடுத்து விண்டோஸ், கடைசியில் ரிகவரி. டிஸ்ம் மூலம் இமேஜை விரித்த பின், பூட் கோப்புகளை எழுதும் 'பிசிடிபூட்' ஓட்டினால்தான் கணினி எழும்பும். இமேஜ் முழுதாக ஏறியும் பூட் ஆகவில்லை என்றால், பெரும்பாலும் இந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கும்.

40 கணினியில் ஏற்றுவதற்கு முன் ஒன்றில் ஏற்றி, உள்ளே நுழைந்து பாருங்கள். இமேஜ் எடுத்தது மட்டும் கணக்கில்லை. திருப்பிப் போட்டு ஓடினால்தான் அது இமேஜ்.

கேள்வி: பூட் ஆகிறது. ஆனால் நெட்வொர்க் இல்லை. 'ஐபிகான்ஃபிக்' அடித்தால் சரியாக எதுவும் வரவில்லை.

பதில்: 'எதுவும்' என்பதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு.

தலைப்பு வரி மட்டும் வந்து, கீழே அடாப்டர் பெயரே இல்லை என்றால் டிரைவர் இல்லை. அதே கணினியின் விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் கார்டின் 'ஹார்ட்வேர் ஐடி'யைப் பாருங்கள். வெண்டர் 8086, டிவைஸ் 15எஃப்3 என்றிருந்தால் அது இன்டெல் ஐ225-வி. அந்த எண், நீங்கள் சேர்க்கும் டிரைவரின் ஐஎன்எஃப் கோப்புக்குள் இருக்கிறதா என்று நோட்பேடில் தேடுங்கள். இல்லையென்றால் அந்த டிரைவர் உங்களுக்கானது இல்லை, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஒவ்வொரு முறையும் பூட்.விம்-ஐத் திறந்து மூட வேண்டாம். டிரைவர் கோப்புறையைப் பென் டிரைவில் வைத்து, பிஇ ஓடும்போதே 'டிஆர்விலோட்' கட்டளையால் ஏற்றிச் சோதியுங்கள். வேலை செய்தால் பிறகு நிரந்தரமாகச் சேர்க்கலாம்.

அடாப்டர் இருக்கிறது, முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால் டிரைவர் நன்றாக இருக்கிறது. ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரின் பதில்தான் வரவில்லை. ஒரு நிமிடம் கழித்து 'ஐபிகான்ஃபிக்' உடன் 'ரின்யூ' சேர்த்து அடியுங்கள். இப்போது முகவரி வந்தால் சுவிட்ச்சைச் சந்தேகியுங்கள். பழைய முறை ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுழல் இணைப்பைத் தடுக்கும் முறை) ஓடும் சுவிட்ச், கேபிள் உயிர்பெற்ற பிறகு கேட்பதற்கு 15, கற்பதற்கு 15 என்று 30 நொடி எடுத்துக்கொண்டே போர்ட்டைத் திறக்கும். அதற்குள் பிஇ முகவரி கேட்டு ஓய்ந்துவிடும். அந்தப் போர்ட்டுகளில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் 'போர்ட்ஃபாஸ்ட்' வைக்கச் சொல்லுங்கள். சுவிட்ச் உங்கள் கையில் இல்லையென்றால், ஸ்டார்ட்நெட்டில் சர்வரைப் பிங் செய்து பதில் வரும்வரை சுற்றும் நான்கு வரி எழுதுங்கள்.

கேள்வி: தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவர் இறக்கினேன். எக்ஸ்இ கோப்பு. டிஸ்ம் ஏற்க மறுக்கிறது.

பதில்: எக்ஸ்இ-யை டிஸ்ம் ஏற்காது. 7-ஜிப்பால் பிரித்து, ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் மூன்றும் சேர்ந்திருக்கும் கோப்புறையைக் கொடுங்கள். 64 பிட் பிஇ-க்கு 64 பிட் டிரைவர்தான்.

கேள்வி: நெட்வொர்க் வருகிறது. ஆனால் டிஸ்க்பார்ட்டில் பென் டிரைவ் மட்டும் தெரிகிறது. உள் டிஸ்க் எங்கே போனது?

பதில்: 11-ஆம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தையதோ என்றால், பெரும்பாலும் விஎம்டி என்ற இன்டெல் டிஸ்க் கன்ட்ரோலர். என்விஎம்இ டிஸ்க்கை அந்தக் கன்ட்ரோலர் தன் பின்னால் வைத்திருக்கிறது. இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை (பெயர் 'ஐஏஸ்டார்விடி' என்று வரும்) பூட்.விம்-இல் சேருங்கள்.

பயாஸில் விஎம்டி-யை அணைத்தாலும் டிஸ்க் தெரியும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். விஎம்டி இருந்தபோது நிறுவிய விண்டோஸ், அணைத்த பின் பூட் சாதனத்தைக் காணோம் என்று நீலத் திரையில் நின்றுவிடக்கூடும். 40 கணினியிலும் ஒரே அமைப்பு என்று முடிவெடுத்துவிட்டு இமேஜ் எடுங்கள்.

கேள்வி: எங்களிடம் டாஸ் நெட்வொர்க் பூட் சிடி ஒன்று பல ஆண்டுகளாக ஓடியது. புதிய சர்வர் வந்த பிறகு இணைய மறுக்கிறது.

பதில்: மறுக்கத்தான் செய்யும். அந்த டாஸ் கிளையன்ட் பேசுவது எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் பழைய பதிப்பு. விண்டோஸ் 10-ன் 1709 முதல் எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. உங்கள் சிடிக்காக அதைச் சர்வரில் திரும்பத் திறக்காதீர்கள். ஒரு சிடிக்காக முழு நெட்வொர்க்கையும் ஆபத்தில் வைப்பது அது. மேலும் 640 கேபி நினைவகத்துக்குள் டாஸ் நெட்வொர்க் டிரைவரை (என்டிஐஎஸ்) நுழைக்கும் அந்த முறைக்குப் புதிய கார்டுகளில் டிரைவர் கிடைப்பதே அரிது. பழைய பயாஸ் முறை இல்லாமல் யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள கணினியில் டாஸ் பூட்டே ஆகாது. பிஇ-க்கோ, குளோன்சில்லா என்ற இலவச இமேஜ் கருவிக்கோ மாறிவிடுங்கள்.

கேள்வி: என் கணினியிலும் நெட்வொர்க் கார்டு தெரியவில்லை. வேறு கம்பெனி மதர்போர்டு.

பதில்: இரண்டாவது பதிலைப் பாருங்கள். எந்தக் கம்பெனியானாலும் ஹார்ட்வேர் ஐடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேள்வி: இமேஜ் எடுக்கும் முன் சிஸ்பிரெப் கட்டாயமா?

பதில்: கட்டாயம். ஒரு கணினிக்கே உரிய அடையாளங்களை இமேஜிலிருந்து நீக்கும் கருவி அது. 'ஜெனரலைஸ்', 'ஊபி', 'ஷட்டவுன்' மூன்றும் சேர்த்து ஓட்டுங்கள். அணைந்த கணினியை மறுபடி விண்டோஸில் எழுப்பாமல் நேரே பென் டிரைவில் பூட் செய்து இமேஜ் எடுங்கள்.

மறுப்பு: இதை ஏற்க மாட்டேன். எஸ்ஐடி-யை (விண்டோஸ் ஒவ்வொரு கணினிக்கும் தரும் அடையாள எண்) மாற்றும் நியூஎஸ்ஐடி கருவியை எழுதிய மார்க் ருசினோவிச்சே, ஒரே எஸ்ஐடி இருந்தால் பிரச்சினை இல்லை என்று சொல்லி 2009-இல் அந்தக் கருவியை ஓய்வாக்கினார். டொமைனில் சேர்ந்தால் கணினிக்குத் தனி எஸ்ஐடி கிடைக்கிறது. அப்புறம் எதற்கு இந்தப் பாடு?

பதில்: அவர் சொன்னது அன்றைக்குச் சரி. கணினியின் எஸ்ஐடி அந்தக் கணினிக்கு வெளியே பயன்படவில்லை என்பதே அவர் வாதம். அன்றும் சிஸ்பிரெப் இல்லாத பிரதியை மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கவில்லை. டபிள்யூஎஸ்யூஎஸ் (அப்டேட் வழங்கும் சர்வர்) அடையாளம் போன்ற வேறு இரட்டைகள் இருந்தன. ஒரே அடையாளத்தில் பத்துக் கணினி பதிவானால், பட்டியலில் ஒன்று வரும், இன்னொன்று மறையும்.

இன்று நிலைமையே மாறிவிட்டது. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்டுகளோடு விண்டோஸ் 11-ன் 24ஹெச்2, 25ஹெச்2, விண்டோஸ் சர்வர் 2025 மூன்றும் எஸ்ஐடி-யைச் சரிபார்க்கின்றன. ஒரே எஸ்ஐடி உள்ள இரண்டு கணினிகளுக்கிடையே கெர்பரோஸ், என்டிஎல்எம் என்ற இரண்டு உள்நுழைவுச் சரிபார்ப்பு முறைகளும் தோற்கும். ஷேர் திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் நுழையாது, சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்கும். சிஸ்டம் லாகில் 6167 என்ற நிகழ்வு தெரியும்.

உங்களிடம் இருப்பதை இப்போதே சோதிக்கலாம். இரண்டு கணினியிலும் லோக்கல் கணக்கில் நுழைந்து, 'ஹூஆம்ஐ' கட்டளையை 'யூசர்' சேர்த்து அடியுங்கள். வரும் நீண்ட எண்ணில் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உள்ள 1001 போன்றது கணக்கின் எண், அதை விட்டுவிடுங்கள். மீதி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அவை இரட்டைகள்.

மறுப்பு: சரி, அப்டேட் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் சிஸ்பிரெப் ஓட்டினால் நான் அமைத்த டெஸ்க்டாப் போகிறது, டிரைவரும் போகிறது. பாதி நேரம் பிழை காட்டி நிற்கிறது.

பதில்: மூன்றும் உண்மையான குறைகள், மூன்றுக்கும் வழி உண்டு. சிஸ்பிரெப்புக்கு அமைப்புகளைச் சொல்லும் 'ஆன்சர் ஃபைல்' கோப்பில் 'காபி ப்ரொஃபைல்' அமைப்பை இயக்கினால் டெஸ்க்டாப் அமைப்பு புதிய கணக்குகளுக்குப் போகும். எல்லாம் ஒரே வன்பொருள் என்றால் 'பெர்சிஸ்ட் ஆல் டிவைஸ் இன்ஸ்டால்ஸ்' டிரைவர்களைக் காப்பாற்றும்.

நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டோர் செயலி ஒன்று: ஒரு பயனருக்கு மட்டும் நிறுவி, எல்லாருக்கும் இல்லாமல் இருக்கும். சிஸ்பிரெப் கோப்புறைக்குள் 'பான்தர்' என்ற இடத்தில் 'செட்டப்ஆக்ட்.லாக்' இருக்கிறது, கடைசி வரிகளில் அந்தச் செயலியின் பெயர் வரும். அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். டிஸ்க்கைக் குறியாக்கும் பிட்லாக்கர் இயங்கினாலும் நிற்கும். இடைநிறுத்தினால் போதாது, முழுதாக நீக்க வேண்டும். இதெல்லாம் வராமலிருக்க, நிறுவிய முதல் திரையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தி ஆடிட் நிலைக்குப் போய், இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு இமேஜை அமையுங்கள்.

கேள்வி: எல்லாக் கணினியிலும் 30 ஜிபி இமேஜ் சீக்கிரம் ஏறுகிறது. ஒன்றில் மட்டும் முக்கால் மணி நேரத்துக்கு மேல். டிஸ்க் பழுதா?

பதில்: முதலில் கேபிள். கிகாபிட்டில் நொடிக்குச் சுமார் 110 எம்பி நகரும். 30 ஜிபி ஐந்து நிமிடத்துக்குள் கம்பியைக் கடந்துவிடும். 100 மெகாபிட்டில் நொடிக்கு 11 எம்பி, அதாவது முக்கால் மணி நேரம். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு சாகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சுவிட்ச்சில் அந்தப் போர்ட்டின் விளக்கு நிறம் மற்றவற்றிலிருந்து மாறியிருக்கிறதா பாருங்கள். மாறியிருந்தால் கேபிளை மாற்றுங்கள்.

கேள்வி: இமேஜ் 9 ஜிபி. பென் டிரைவில் போட்டால் 'கோப்பு மிகப் பெரியது' என்கிறது.

பதில்: ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தொட முடியாது, யூஇஎஃப்ஐ பூட்டுக்கு ஃபேட்32 வேண்டும். இமேஜைச் சர்வரில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. பென் டிரைவில்தான் வேண்டுமென்றால் 2 ஜிபி ஃபேட்32, மீதி என்டிஎஃப்எஸ் என்று இரண்டாகப் பிரியுங்கள்.

கேள்வி: குளோன்சில்லாவில் 500 ஜிபி டிஸ்க்கின் இமேஜை 256 ஜிபி டிஸ்க்கில் போட முடியவில்லை. உள்ளே 60 ஜிபி-தான் இருக்கிறது.

பதில்: குளோன்சில்லா பயன்பட்ட பகுதியை மட்டுமே சேமித்தாலும் பார்ட்டிஷன் எல்லைகளை அப்படியே எதிர்பார்க்கும். மூலக் கணினியில் பார்ட்டிஷனைச் சுருக்கி மறுபடி எடுப்பது ஒரு வழி. விம் வடிவம் கோப்பு கோப்பாகச் சேமிப்பது. அதற்கு டிஸ்க் அளவு பொருட்டில்லை. வெவ்வேறு அளவு டிஸ்க்குகள் இருக்கும் இடத்தில் விம்-ஐயே எடுங்கள்.

கேள்வி: ஷேரை இணைக்கும்போது பிழை 53. சில நேரம் 1326.

பதில்: 53 என்றால் சர்வரைக் காணவில்லை: பெயருக்குப் பதில் ஐபி முகவரி கொடுத்துப் பாருங்கள். 1326 என்றால் சர்வர் கிடைத்துவிட்டது, கணக்கோ பாஸ்வேர்டோ தவறு: பயனர் பெயருக்கு முன் சர்வர் பெயரையும் சேர்த்து அடியுங்கள்.

கேள்வி: வைஃபையில் இமேஜ் ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். பிஇ-யில் வைஃபைக்கு ஆதரவு இல்லை.

கேள்வி: யூஎஸ்பி லேன் அடாப்டர் பிஇ-யில் தெரியவில்லை, என்ன செய்வது?

பதில்: ஹார்ட்வேர் ஐடி, ஐஎன்எஃப், டிஆர்விலோட். இரண்டாவது பதில். டிரைவர் பற்றி இனி கேட்பவர்கள் ஹார்ட்வேர் ஐடியையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் என்னால் உதவ முடியாது.

கேள்வி: 'கிளீன்' கொடுத்தது தவறான டிஸ்க்கில். தகவலை மீட்க முடியுமா?

பதில்: வெறும் 'கிளீன்' பார்ட்டிஷன் அட்டவணையைத்தான் அழிக்கும், தரவு இன்னும் இருக்கலாம். அந்த டிஸ்க்கில் இனி ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். கணினியை அணைத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். 'கிளீன் ஆல்' கொடுத்திருந்தால் முழுதும் சுழியத்தால் நிரப்பியிருக்கும், மீளாது. மற்றவர்களுக்கு மறுபடி சொல்கிறேன்: முதலில் 'லிஸ்ட் டிஸ்க்'.

கேள்வி: பிஇ-யில் பூட் செய்து சோதனைக்கு விட்டிருந்த கணினி மூன்றாம் நாள் தானாக ரீஸ்டார்ட் ஆனது. ராம் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. தொடர்ந்து 72 மணி நேரம் ஓடினால் விண்டோஸ் பிஇ தானே ரீஸ்டார்ட் ஆகும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பிஇ ஓடும் எக்ஸ் டிரைவ் நினைவகத்தில் இருப்பதால் அதில் சேமித்த லாக் எல்லாம் போயிருக்கும். அடுத்த முறை லாகை இசட் டிரைவில் எழுதச் சொல்லுங்கள்.