பொன் வெயிலுக்கு டிக்கெட் கிடையாது

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு சிங்கப்பூர் வருகிறோம். மரினா பே கட்டடங்களை 'கோல்டன் அவர்', அதாவது சூரியன் மறைவதற்குச் சற்று முந்தைய பொன் வெயில், வெளிச்சத்தில் படமெடுக்க ஆசை. போனும் ஒரு சாதாரண கேமராவும் இருக்கின்றன. மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் உச்சியில் நீச்சல் குளத்தோடு 'சூரிய அஸ்தமன பேக்கேஜ்' இருக்கிறது, ஆறரை மணிக்கு மேலே ஏறினால் போதும் என்கிறார் டிராவல் ஏஜெண்ட். வாங்கலாமா?
- மதுரை வாசகர்

பதில்: வாங்காதீர்கள்.

முதலில் அந்தக் குளம். அது ஹோட்டலில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு மட்டும்தான். வெளியாட்கள் டிக்கெட் வாங்கிப் போவது ஸ்கைபார்க் என்ற பார்வைத் தளத்துக்கு. அது அதே கூரையின் இன்னொரு முனையில் இருக்கிறது. இரண்டுமே உச்சியில் இருப்பதால், குளத்தின் படத்தைக் காட்டிப் பார்வைத் தள டிக்கெட்டை விற்பது சில இடைத்தரகர்களுக்குப் பழகிப்போன வேலை. டிக்கெட் அசல், படம்தான் வேறு இடத்துடையது. புகார் கொடுத்தால், 'நீங்கள் வாங்கிய டிக்கெட் செல்லுபடியானதுதானே?' என்பார்கள். உங்கள் ஏஜெண்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'குளத்தில் இறங்க முடியுமா, முடியாதா?' பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டார்.

இன்னொன்று, மரினா பே சாண்ட்ஸ் உச்சியில் நின்று எடுக்கும் படத்தில் மரினா பே சாண்ட்ஸ் வராது. அங்கிருந்து, அலுவலகக் கட்டடங்கள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேஸ் பகுதியின் கோபுரங்கள் மேற்கே இருக்கின்றன. மாலையில் சூரியன் அவற்றின் முதுகுப் பக்கம் இறங்குவதால் உங்களுக்குக் கிடைப்பது கறுப்பு உருவங்கள். பொன் பூசிய கட்டடம் வேண்டுமானால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர்க்கரையில் இருக்கும் எஸ்பிளனேட் கலையரங்கின் கரைக்கோ, அதையும் மெர்லயன் பூங்காவையும் இணைக்கும் ஜூபிலி பாலத்துக்கோ போங்கள். காசு கிடையாது. மரினா பே சாண்ட்ஸின் கண்ணாடி முகம் நகரத்தைப் பார்த்துத்தான் நிற்கிறது. மேற்கு வெயில் நேராக அதில் விழும்.

நேரம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் மறைவது ஏறக்குறைய 7.05க்கு. ஐரோப்பாவில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பொன் வெயில் ஒரு மணி நேரம் நிற்கும் என்று நினைத்து வருகிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் சாய்ந்து இறங்குவதில்லை, கிணற்றில் வாளி போல நேராக இறங்குகிறது. அடிவானத்துக்கு மேலே கடைசி 6 டிகிரி உயரத்தைக் கடக்க அரைமணி கூட ஆகாது. அதிலும் நிழல் வேறு. ராஃபிள்ஸ் பிளேஸில் 280 மீட்டர் உயரக் கோபுரங்கள் நிற்கின்றன. மரினா பே சாண்ட்ஸோ 200 மீட்டர்தான். நகரத்தின் நிழல் அதன் மீது கீழிருந்து ஏறிக்கொண்டே வரும். போன் ஆப் 'கோல்டன் அவர் ஆரம்பம்' என்று சொல்லும்போது பாதிக் கட்டடம் இருட்டிவிட்டிருக்கலாம். எனவே ஆறு மணிக்கே போய் நில்லுங்கள். ஏஜெண்ட் சொன்ன ஆறரை மிகத் தாமதம்.

ஏசியை விட்டு வெளியே வந்தவுடன் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். ஹோட்டலிலிருந்து கிளம்பும்போதே கேமராவை மூடிய பையில் போட்டு, வெளிக்காற்றில் அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். கையில் இருப்பதே சொற்ப நேரம், அதைத் துடைப்பதில் செலவழித்தால் எப்படி? போனில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். அவ்வளவு போதும்.

மேலே ஏறுவதில் அர்த்தம் உள்ள ஒரே சந்தர்ப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கோபுரங்களுக்குப் பின்னால் சிவந்த வானம், அதுதான் வேண்டும் என்றால் ஏறலாம். ஆனால் டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம், பிற்பகலில் கொட்டும். ஐந்து மணிக்கு வெளியே வந்து மேற்கே பாருங்கள். தலைக்கு மேல் மேகம் இருந்தால் கவலை வேண்டாம், நல்லதுதான், நிறத்தை அதுதான் வாங்கிக்கொள்ளும். அடிவானத்தை ஒட்டி ஒரு விரல் அகலமாவது வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்பதே கேள்வி. தெரிந்தால் ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் அந்த நேரத்துக்கே டிக்கெட் வாங்குங்கள். தெரியாவிட்டால் கீழேயே இருங்கள். இடம் தீர்ந்துவிட்டது என்று வந்தாலும் கீழேயே இருங்கள். ஒரு மாதம் முன்பே மதுரையில் டிக்கெட் விற்பவருக்கு அன்றைய வானம் எப்படித் தெரியும்?

ட்ரைபாட் (கேமரா முக்காலி) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். கரையோர நடைபாதையில் வழியை மறிக்காமல் சின்னதாக ஒன்றை வைத்தால் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. பத்தடி தள்ளித் தனியார் கட்டடத்தின் முற்றத்தில் வைத்தால் காவலர் வந்துவிடுவார். எது யார் நிலம் என்று தரையில் ஒரு கோடாவது போட்டிருக்கலாம், போட மாட்டார்கள். ஒரே முற்றத்தில் ஒரு காவலர் 'தாராளமாக எடுங்கள்' என்றார், அவர் வேலை முடிந்து போனதும் அடுத்தவர் வந்து ட்ரைபாடை மடக்கச் சொன்னார். விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். அந்த மேலிடம் யார் என்று இன்றுவரை தெரியாது. ட்ரோன் யோசனை இருந்தால் அதை மதுரையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சூரியன் மறைந்ததும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் கிளம்பாதீர்கள். 7.20க்கு மேல் வானம் கருநீலமாகி, ஜன்னல் விளக்குகளும் வானமும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வரும். அதே எஸ்பிளனேட் படிக்கட்டிலிருந்து இப்போது வலப்பக்கம், ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் திரும்புங்கள். ட்ரைபாட் இல்லாவிட்டால் கேமராவைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, 2 நொடி டைமர் போட்டு, கையை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அடம்பிடித்தால் எட்டு மணிக்கு மரினா பே சாண்ட்ஸ் முன்னால் தண்ணீரும் ஒளியுமாக ஒரு காட்சி நடக்கும். அதுவும் இலவசம்தான்.