கருப்பு லேப்ரடார் செம்பட்டையாகிறது, வெள்ளைப் பாயிண்டருக்குப் புள்ளி கூடுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: வணக்கம் ஐயா. வெள்ளகோவில் பக்கம் கொறங்காட்டில் செம்மறி மேய்த்து வருகிறேன். தோட்டத்துச் சாளைக்கும் பட்டிக்கும் காவலாக இரண்டு நாய்கள் உள்ளன. ஐந்து வயதுக் கருப்பு லேப்ரடார் கடுவனுக்கு ஓராண்டாக முதுகும் தொடையும் செம்பட்டையாகி வருகின்றன. மூன்று வயதுப் பாயிண்டர் பெட்டைக்கு, குட்டியில் இல்லாத பழுப்புப் புள்ளிகள் வெள்ளை உடம்பில் கூடிக்கொண்டே போகின்றன. காலையில் ராகிக் களியும் மோரும், இரவில் பால்சோறும், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு ஊற்றிய சோறும் போடுகிறோம். கால்சியம் டானிக்கும் தருகிறோம். போர்த் தண்ணீரின் உப்புதான் காரணம் என்கிறார்கள் சிலர். செம்புச் சத்துக் குறைவு, மயில்துத்தத்தைத் துளியளவு களியில் கலந்து கொடுங்கள் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: வணக்கம். மயில்துத்தத்தை எந்த அளவிலும் கொடுக்காதீர்கள். பயிரில் பூஞ்சாணத்துக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்குப் பயன்படும் அந்த நீலச் செம்பு உப்பு நாயின் வயிற்றையும் குடலையும் அரித்து, வாந்தியையும் இரத்தக் கழிச்சலையும் உண்டாக்கக்கூடியது. அதிலும் உங்களிடம் இருப்பது லேப்ரடார். இந்த இனத்தைச் சேர்ந்த சில நாய்களுக்குச் செம்பை ஈரலிலிருந்து வெளியேற்றும் திறன் பிறவியிலேயே குறைவாக இருக்கும். சேர்ந்துகொண்டே போகும் செம்பு பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்து, நடு வயதில் ஈரல் அழற்சியாக வெளிப்படும். செம்மறிகளோ செம்புக்கு எளிதில் நஞ்சேறிப் போகும் இனம் என்பதால், துத்தம் கலந்த களியின் மிச்சம் பட்டிக்குள் போனால் அங்கேயும் இழப்பு நேரலாம். உங்களுக்கு யோசனை சொன்னவர் அடிப்படையில் தவறாகச் சொல்லவில்லை. முடிக்குக் கருமை தரும் நிறமியை உருவாக்குகிற டைரோசினேஸ் என்னும் நொதி செம்பு இல்லாமல் வேலை செய்யாது என்பது உண்மையே. ஆனால் செம்பு குறைவாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் துத்தத்தைக் கையில் எடுப்பது, நோயை விட மருந்து அதிகக் கேடு செய்வதில்தான் முடியும்.

உப்புத் தண்ணீரைக் குடிப்பதால் நாயின் முடி நிறம் மாறுவதில்லை. தண்ணீரில் இரும்பு மிகுந்திருந்தால் வெள்ளை நாயின் வாயோரத்தில் துருக்கறை படியலாம். முதுகும் தொடையும் சிவப்பதற்கு அது காரணமாகாது.

அடுத்து, நீங்களே சாளையில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. பகல் வெளிச்சத்தில், செம்பட்டையான இடத்தில் முடியை விரலால் பிரித்து, வேர்ப்பக்கத்தையும் நுனியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில முடிகளைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வேர் நல்ல கருப்பாகவும் நுனி மட்டும் சிவந்தும் இருந்தால், அது வெயிலில் வெளுத்த பழைய முடி. நிழல் குறைந்த கொறங்காட்டில் நாள் முழுதும் கிடக்கும் கருப்பு நாய்க்கு இது இயல்பாக நேர்வது. பழைய முடி உதிர்ந்து புது முடி வரும்போது தானே சரியாகும். வேரிலிருந்தே செம்பட்டையாக முளைத்தால் முடி உருவாகும் இடத்திலேயே குறை இருக்கிறது என்று பொருள். அப்போது உணவையும் சுரப்பிகளையும் பார்க்க வேண்டும். நிறமாற்றம் பாதங்களிலும் தொடை இடுக்கிலும் மட்டும் இருந்தால், நாய் நக்கிக்கொண்டே இருப்பதால் எச்சில் கறை ஏறியிருக்கலாம். அங்கே உண்ணி, தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை ஆகியவற்றைத் தேடுங்கள்.

நீங்கள் எழுதிய தீனியைப் பார்க்கும்போது, என் சந்தேகம் முதலில் உணவின் மீதுதான் விழுகிறது. நாயின் முடியில் இருப்பவை இரண்டே நிறமிகள். ஒன்று கருமையும் பழுப்பும் தருவது, மற்றொன்று செம்மையும் மஞ்சளும் தருவது. கருமை நிறமிக்கு மூலப்பொருள் புரதத்திலிருந்து கிடைக்கும் டைரோசின், ஃபீனைல்அலனின் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள். லேப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து இனங்களின் கருப்புக் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வில், உடல் வளர்ச்சிக்குப் போதுமான அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இந்த அமிலங்கள் கிடைத்தால்தான் முடி முழுக் கருப்பாக வருகிறது என்று தெரியவந்தது. ஆகவே நாய் எடை குறையாமல், சுறுசுறுப்பாகக் குரைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தாலும், முடிக்கு வேண்டிய புரதம் மட்டும் போதாமல் இருக்க முடியும். உடல் தன் அவசியத் தேவைகளுக்கு எடுத்துக்கொண்ட பிறகே நிறத்துக்குக் கொடுக்கிறது. ராகியிலும் அரிசியிலும் புரதம் நூற்றுக்கு ஏழு அளவில்தான் உண்டு, கம்பில் பதினொன்று வரை இருக்கும். களியாகக் கிண்டும்போது பெரும்பகுதி தண்ணீராகிவிடுவதால், வயிறு நிறைந்தாலும் புரதம் நிறைவதில்லை.

ராகியிலேயே கால்சியம் மிகுதி. அதற்கு மேல் டானிக்கும் சேர்ந்தால், தானியத்தில் உள்ள, தாதுச் சத்துகளைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் என்னும் பொருளுடன் கூடி, துத்தநாகமும் செம்பும் குடலில் உறிஞ்சப்படுவதைக் கால்சியம் தடுக்கும். வளர்ந்த கடுவனுக்குக் கால்சியம் டானிக் தேவையில்லை, நிறுத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பையும் நிறுத்துங்கள். நம் ஊர்க் கறிக்குழம்பில் அரைத்துச் சேர்க்கும் சின்ன வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது.

களியை அடியோடு விலக்க வேண்டியதில்லை, அதைப் பாதியாகக் குறைத்தால் போதும். முப்பது கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு வேகவைத்த இரண்டு முட்டையும், உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த 150 முதல் 200 கிராம் கோழி இறைச்சியும் கொடுங்கள். நாமக்கல் முட்டையும் பல்லடத்துக் கறிக்கோழியும் இவ்வளவு அருகில் கிடைக்கும் நம் பகுதியில் இது முடியாத காரியம் அல்ல. முட்டையைப் பச்சையாக ஊற்ற வேண்டாம். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தைக் கட்டிப்போடும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், அதையும் போட வேண்டாம். ஈரலில் செம்பு மிகுதி என்பதால், லேப்ரடாருக்கு மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை ஈரல் வேண்டாம். புதுத் தீனியை ஒரு வாரம், பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். ஏற்கனவே சிவந்துவிட்ட முடி கருப்பாகத் திரும்பாது. புதிதாக முளைப்பதுதான் கருப்பாக வரும். எனவே மூன்று நான்கு மாதம் பொறுத்து, முன்பு பார்த்தது போலவே வேரைப் பிரித்துப் பாருங்கள். இந்த இடைவெளியில் குடற்புழு நீக்கமும் உண்ணிக் கட்டுப்பாடும் தவறாமல் நடக்கட்டும்.

அதன் பிறகும் வேர் சிவந்தே வந்தால் சுரப்பிகளைச் சந்தேகிக்க வேண்டும். காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து ஆறு மாத அளவில் சாம்பல் நிறமாவதையும், பொலிகாளையின் திமிலிலும் முன்பின் சப்பைகளிலும் கருமை ஏறுவதையும், காயடித்த எருதில் அது மங்குவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். உடலின் சுரப்புகள் முடியின் நிறத்தை இயக்குகின்றன என்பதற்கு நம் தொழுவத்திலேயே உள்ள சான்று அது. நாயில் நடு வயதில் பெரும்பாலும் காணப்படுவது தைராய்டுக் குறைவு. தீனி கூடாமலே எடை கூடும், சோம்பிக் கிடக்கும், வாலும் விலாவும் முடி உதிர்ந்து வெளிறும், உதிர்ந்த இடத்தில் முடி திரும்ப வராது. தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து, வயிறு தொங்கி, இருபுறமும் ஒரே அளவில் முடி உதிர்ந்தால் அது சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரினல் சுரப்பியின் மிகைச்சுரப்பாக இருக்கலாம். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து மருந்து தர முடியும். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்போது ஈரல் பரிசோதனையையும் சேர்த்துக் கேட்டால், ஈரலுக்குப் பாதிப்பு இருக்கிறதா என்பதற்கும் ஒரு குறிப்புக் கிடைக்கலாம்.

பாயிண்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பறவை வேட்டைக்காக ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட பாயிண்டர், செட்டர் இனங்களில் வெள்ளைப் பகுதியில் புள்ளி விழுவது மரபணு வழி வருவது. குட்டி பிறக்கும்போது அந்த இடம் தூய வெள்ளையாகவே இருக்கும். சில வாரங்களில் புள்ளிகள் தோன்றத் தொடங்கி, சில நாய்களுக்கு வளர்ந்த பின்னும் கூடிக்கொண்டே போகும். தீனியை மாற்றினாலும் அது நிற்காது, நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. முடி குறைந்த வயிற்றுத் தோலில் மட்டும் கவனம் வையுங்கள். மல்லாந்து வெயில் காயும் வெள்ளை நாய்களுக்கு அங்கே தோல் புற்று வரக்கூடும். தடித்த, இரத்தம் கசியும், ஆறாத புள்ளி எதுவாக இருந்தாலும் உடனே காட்டுங்கள். நடுப்பகலில் நாய்கள் படுக்க வெள்வேல் நிழலோ கொட்டகையோ இருக்கட்டும்.

இரண்டில் எந்த நாய்க்கானாலும் மூக்கு, உதடு, இமை ஆகியவை வெளுத்து, அதோடு கண் சிவந்து, வெளிச்சத்தைக் கண்டு கூசினால், நாள் தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நிறமி அணுக்களை உடலே தாக்கும் அரிய நோய் ஒன்று அப்படித்தான் தொடங்கும். தாமதித்தால் பார்வை போய்விடும். கண்ணில் எதுவும் இல்லாமல், தோலில் புண்ணோ பொருக்கோ இல்லாமல் வெண்திட்டு மட்டும் விழுந்தால் அது பெரும்பாலும் வெண்படை, நாய்க்கு எந்தத் துன்பமும் தராது. லேப்ரடாரின் முகவாயில் வெள்ளை முடி தோன்றினால் அதை நோயாகக் கருத வேண்டாம். ஐந்து வயதில் நரை தொடங்குவது வழக்கமே.