மிரட்டினால் திருந்துவார்களா?

கேள்வி: அமெரிக்காவில் தவறான வழியில் செல்லும் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டத்தால் பத்தில் ஒன்பது பேர் வரை திருந்தியதாக ஓர் ஆவணப்படத்தில் பார்த்தேன். அரசு ஆதரவில் நடக்கும் இத்தகைய திட்டங்களின் பலனை எப்படி உறுதிசெய்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் பார்த்தது, 1978இல் வெளியாகி ஆஸ்கர் விருதும் பெற்ற ‘ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்’ ஆக இருக்க வேண்டும். நியூ ஜெர்சி மாநிலத்தின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் 1976இல் தொடங்கிய திட்டம் அது. கைதிகள் சிறுவர்களின் முகத்துக்கு நேரே நின்று கத்துவார்கள். சிறைக்குள் நேரக்கூடிய பாலியல் வன்முறையை ஒளிவுமறைவின்றிச் சொல்வார்கள். பார்ப்பவருக்கே நடுக்கம் வரும். படம் புகழ்பெற்றதும் வேறு பல மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

சிறையைப் பார்த்துவந்தவர்களில் எத்தனை பேர் பிறகு பிடிபடவில்லை என்று மட்டும் எண்ணினால், பார்க்காமல் இருந்திருந்தாலும் அவர்கள் ஒழுங்காக இருந்திருப்பார்களா என்பது தெரியாது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபின்கெனவர், சிறைக்குச் சென்ற 46 பேரையும் செல்லாத 35 பேரையும் ஆறு மாதங்களுக்கு நீதிமன்றப் பதிவுகளின் வழியே கவனித்தார். சென்றவர்களில் 41 விழுக்காட்டினர் மீண்டும் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். செல்லாதவர்களில் 11 விழுக்காட்டினர்தாம். ஆக, படம் பெருமையோடு சொன்ன ‘பத்தில் ஒன்பது’, எதுவுமே செய்யாமல் விடப்பட்ட சிறுவர்களிடம் தானாகவே இருந்திருக்கிறது!

அவருடைய ஆய்வில், இரு குழுவினரும் ஒரே மாதிரி இருக்கும்படி குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்தது முழுமையாக நடக்கவில்லை, எண்ணிக்கையும் சிறியது என்பது நியாயமான குறைதான். ஆனால், ஆய்வாளர் அந்தோணி பெட்ரோசினோ குழுவினர் 2002இல் இத்தகைய ஒன்பது சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோதும், சும்மா இருப்பதைவிட இத்திட்டம் அதிகத் தீங்கு செய்கிறது என்றே தெரியவந்தது. குலுக்கிப் போட்டுச் சிலருக்கு மட்டும் வாய்ப்புத் தருவது அநீதி என்பார்கள். நன்மை தருமா என்றே தெரியாத ஒன்றை எல்லாருக்கும் கொடுப்பதைவிட அது மேல் என்பது என் எண்ணம்.

பலனளிக்கும் என்று பெயர்பெற்ற திட்டத்தையும் ஆராயாமல் விட்டுவிட முடியாது. வாஷிங்டன் மாநிலம் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சிறுவர்களுக்குக் குடும்பத்தோடு சேர்த்து ஆலோசனை தரும் முறைக்கு நிதி கொடுத்தது. மாநிலச் சட்டமன்றம் அமைத்த பொதுக்கொள்கை நிறுவனம் அதை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முறையைச் சரியாகப் பின்பற்றிய ஆலோசகர்களிடம் சென்ற சிறுவர்கள் மீண்டும் கடுங்குற்றம் செய்வது 38 விழுக்காடு குறைந்திருந்தது. மற்ற ஆலோசகர்களிடம் சென்றவர்களிடம் பலனே இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சராசரியை மட்டும் பார்த்திருந்தால், திட்டமே பயனற்றது என்று இழுத்து மூடியிருப்பார்கள்.